மேலாளர் வீட்டு ஹார்ன்

பொத்தானை அழுத்தியதும் வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. சளி பிடித்த ஆடு ஒன்று யாரையோ கூப்பிட வாயெடுத்து, 'சரி, வேண்டாம்' என்று விட்டுவிட்டது போலிருந்தது.

"என்னய்யா இது?" என்றார் மேலாளர்.

பழைய மோட்டார் சைக்கிளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த தபால் சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தொண்டை அடைச்சிருக்கு சார். பிரிச்சு சுத்தம் பண்ணினா பேசிடும்."

"ஞாயித்துக்கிழமை ஊர்வலம். நாப்பது பழைய வண்டி வருது. எல்லாச் சாமானும் அந்தக் காலத்துதா இருக்கணும், வேலையும் செய்யணும். புது ஹார்ன் மாட்டிக்கிட்டுப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். நடுவர் முதல்ல அழுத்துறதே ஹார்னைத்தான்."

"இன்னிக்குத் திங்கள்தானே சார்."

"அதான் உங்ககிட்ட சொன்னேன். ஆபீஸ் பெல்லையே சரி பண்ணின ஆளு நீங்க."

தபால் சார் அடக்கமாகச் சிரித்தார். போன வருஷம் மேலாளர் மேசையின் அழைப்பு மணி நின்றுபோனபோது அவர் செய்தது கழன்றிருந்த ஒயரைத் திரும்பச் செருகியது மட்டுமே. அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் மேலாளர் பாராட்டியபோது அவர் மறுத்துப் பேசவில்லை. கிடைத்த ஒரே பாராட்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

"அப்பா வண்டிங்களா சார்?" என்று கேட்டார், பெட்ரோல் டாங்கியைத் தடவியபடி.

"ம்... அப்பா காலத்து வண்டி," என்று சொல்லிவிட்டு மேலாளர் வீட்டுக்குள் போனார்.

தபால் சாருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் ஹார்ன் இல்லை, ஒரு கதவு.

குடிநீர் வாரியத்தின் அந்தக் கிளை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக அவர் தபால் பிரிவு எழுத்தர். வருகிற கடிதத்தைப் பதிவு செய்வது, போகிற கடிதத்தை ஒட்டி அனுப்புவது. அவருடைய மேசை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே போகிறவர்கள் கையிலிருக்கும் கோப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், வெளியே வந்ததும் ஈரக் கையோடு வாங்கிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் கண்காணிப்பாளர் ஓய்வு பெறுகிறார். கண்காணிப்பாளருக்குத் தனி அறை உண்டு. அந்த அறைக்குக் கதவு உண்டு. கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொள்ளலாம். தபால் சாருக்கு இன்னும் இரண்டு வருஷந்தான் வேலை. இந்தத் தடவை தவறினால் பிறகு ஒரேயடியாக வீட்டுக் கதவுதான்.

மேலாளரின் சிபாரிசு வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டும். பட்டியலில் இரண்டே பெயர்கள். ஒன்று தபால் சார். இன்னொன்று அவரைவிட ஆறு வருஷம் இளையவரான கொட்டாவி. காலையில் கையெழுத்துப் போட்டதும் ஒரு கொட்டாவி, கோப்பைத் திறந்ததும் ஒரு கொட்டாவி, திறந்த களைப்புக்கு ஒரு கொட்டாவி என்று பொழுதை ஓட்டுகிற மனிதர். மேலாளர் அறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். அவருக்கு ஆசையே இல்லை என்று தபால் சார் முடிவுகட்டியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஹார்னைப் பையில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்து வந்து, தன் மேசையில் செய்தித்தாளை விரித்துப் பிரித்தார். அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு, ஹா/1, ஹா/2 என்று எண் எழுதி, வாயை ஒட்டி வரிசையாக வைத்தார். விளிம்புத் திருகுகள், அட்டை வளையம், மெல்லிய தகடு, கரி பிடித்த தொடுமுனைகள். தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். கடைசியாக, ஹார்னின் சுருதியைக் கூட்டிக் குறைக்கும் பின்பக்கத் திருகு. அது ஹா/7.

கை கழுவப் போய்த் திரும்பி வந்து எண்ணினார். ஆறு உறைகள் இருந்தன.

"ஏம்ப்பா, இங்க இன்னொரு கவர் இருந்துச்சே?"

பியூன் தேநீர்த் தட்டோடு நின்றார். "வலது மூலையில இருந்ததா? தலைமை ஆபீஸ் பையில போட்டு அனுப்பிட்டேன் சார்."

"அதுல ஸ்க்ரூ இருந்துச்சுப்பா."

"உள்ள என்ன இருந்தா எனக்கென்ன சார். வலது பக்கம் இருந்தா போகணும், இடது பக்கம் இருந்தா இருக்கணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

அது உண்மை. தலைமை அலுவலக முகவரி அச்சிட்ட உறைகளைத்தான் அவர் கட்டுக்கட்டாக வைத்திருந்தார் என்பதும் உண்மை. இரண்டு தெரு தள்ளியிருந்த தலைமை அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். அங்கே இருந்த தபால் எழுத்தரும் முறையான ஆள்.

"பதிவாயிடுச்சே சார்."

"அது ஒரு ஸ்க்ரூ சார். தெரியாம வந்துடுச்சு."

"தெரியாம வந்தாலும் வந்தது வந்ததுதானே. எண் போட்டாச்சு. இனி கடிதம் எழுதிக் கேளுங்க, கடிதம் எழுதி அனுப்புறோம். நீங்களே இப்படி வந்து நிக்கலாமா?"

தபால் சார் திரும்பி நடந்தார். அவருமே இருபத்தாறு வருஷமாக அதைத்தான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது மணி ஆறு. மேலாளர் போய்விட்டார். தபால் சார் அவர் அறையில் நின்று யோசித்தார். கண் மேசைமேல் இருந்த அழைப்பு மணியில் விழுந்தது. மணியின் பின்னாலும் ஒரு திருகு இருந்தது. ஹார்னைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. இரண்டு நாளைக்குத்தானே என்று கழற்றிக்கொண்டார்.

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு மேலாளர் மணியை அழுத்தினார். பத்தரைக்கு மறுபடி அழுத்தினார். பத்தேமுக்காலுக்கு அவரே வெளியே வந்தார்.

"இந்த ஆபீஸ்ல எவனுக்கும் காது இல்லையா?"

பியூன் எழுந்து நின்றார். "மணி அடிக்கலையே சார்."

மேலாளர் தபால் சாரைப் பார்த்தார். "என்னய்யா, நீங்க சரி பண்ணின மணி ஒரு வருஷம்கூடத் தாங்கல. என் ஹார்ன் தாங்குமா?"

"மணி தேஞ்சுபோச்சு சார். ஹார்ன் கெட்டி. நான் பார்த்துக்கறேன் சார்."

"பார்க்கற வரைக்கும் என் ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உட்காருங்க. நான் கூப்பிட்டா நீங்க பியூனைக் கூப்பிடுங்க."

அப்படியாக அன்று முழுவதும் தபால் சார் மணியாக இருந்தார். உள்ளேயிருந்து "இந்தாய்யா" என்றால் இவர் வெளியே "ஏம்ப்பா" என்பார். நடுநடுவே ஓடிப்போய்த் தபாலையும் ஒட்டிவிட்டு வந்தார். கொட்டாவி அந்தப் பக்கமாக வந்தபோது சற்று நின்றார்.

"என்ன சார், மேலாளர் ரூமுக்குப் பக்கத்துலயே வந்துட்டீங்க போல."

"ஏதோ, அவரா கூப்பிட்டார்," என்றார் தபால் சார் பெருமையாக.

"நல்லது சார்," என்று சொல்லிக் கொட்டாவி விட்டபடி கழிப்பறைக்குப் போனார். போகிற வழியில் காலி மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கையிலிருந்த கோப்பைத் தபால் சாரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மேலாளர் வீட்டுக் கொட்டகையில் ஹார்னை மாட்டினார். மணியின் திருகு கச்சிதமாக உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தியதும் ஆட்டுக்குச் சளி பாதி இறங்கியிருந்தது. ஆனால் கைப்பிடியை இடது பக்கம் திருப்பினால், யாரும் அழுத்தாமலே ஹார்ன் தானாக அடித்தது. மாட்டும்போது எங்கோ ஒயர் நசுங்கியிருக்க வேண்டும்.

"இடது பக்கம் திரும்பும்போது ஹார்ன் அடிக்கறது நல்லதுதானே சார்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப ஊர்வலத்துல நான் வலது பக்கமே திரும்பித் திரும்பி வீட்டுக்கு வந்துடவா?"

நசுங்கிய இடத்தில் நாடா சுற்றினார். அந்தக் கோளாறு தீர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். பாதிச் சளியையும் இறக்கிவிடலாமென்று பின்பக்கத் திருகை இன்னும் கால் சுற்று முறுக்கினார். சத்தம் ஏறியது. இன்னும் கால் சுற்று. இன்னும் ஏறியது. மேலாளர் முகத்தில் முதல்முறையாகப் புன்னகை தெரிந்தது. அந்தப் புன்னகைக்காக இன்னொரு கால் சுற்று முறுக்கினார். உள்ளே 'டிக்' என்று ஏதோ கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

பிரித்துப் பார்த்தபோது மெல்லிய தகடு குறுக்கே விண்டிருந்தது.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எந்தக் கடிதத்துக்கும் மூன்று மாதம் எடுத்துக்கொள்கிற அலுவலகம், இதற்கு மட்டும் இரண்டே நாளில் பதில் எழுதியிருந்தது. 'தங்கள் அலுவலக உறையில் இணைப்பாகத் திருகு ஒன்று வரப்பெற்றது. முகப்புக் கடிதம் காணப்படவில்லை. திருகு அனுப்பப்பட்டதன் நோக்கம் குறித்து, பொறுப்பான எழுத்தர் மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும். அதுவரை திருகு கோப்பில் வைக்கப்படும்.'

அதைப் பதிவேட்டில் ஏற்றவேண்டியவரும் அவரே. எண் போட்டு ஏற்றினார். இத்தனை வருஷத்தில் அவர் பெயரில் கேட்கப்பட்ட முதல் விளக்கம் அது. அதுவும் இந்த வாரத்தில்.

சாயங்காலம் பழைய சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் விண்ட தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அரை மணி நேரம் உருட்டி, துருப்பிடித்த ஒரு ஹார்னோடு வந்தார். தகடு மட்டும் நன்றாக இருந்தது.

"இது ஒண்ணுதான் இருக்கு. தர மனசில்லை."

"அண்ணே, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

"எல்லாரும் அதான் சொல்றாங்க." கடைக்காரர் வெளியே நின்ற தபால் சாரின் ஸ்கூட்டரைப் பார்த்தார். "அந்த ஸ்கூட்டர் ஹார்ன் அடிக்குதா?"

"அடிக்குமே."

"இதே மாடல் ஹார்ன் கேட்டு ஒருத்தன் நாலு நாளா என் உயிரை எடுக்கிறான். அதைக் கழட்டிக் குடுங்க, இதை எடுத்துக்கங்க."

தபால் சார் சற்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மனைவி ஞாபகம் வந்திருக்கும்.

அவர் மனைவி தையல் பள்ளியில் வேலை பார்த்தார். தினமும் காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது வழக்கம். வெள்ளிக்கிழமை முதல் திருப்பத்திலேயே விஷயம் வெளியே வந்தது.

"ஏங்க, ஹார்ன் அடிங்க, முன்னால ஆள் போகுது."

"நீயே கொஞ்சம் சொல்லேன்."

"என்னத்தை?"

"'வழி விடுங்க'ன்னு."

மனைவி அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். பிறகு, "ஹார்ன் எங்கே?" என்றார்.

தபால் சார் சொன்னார். மனைவி முழுவதும் கேட்டுக்கொண்டார். "ஊரான் வண்டிக்கு வாயை வாங்கிக் குடுத்துட்டு, உங்க வண்டியை ஊமையாக்கிட்டீங்க. இப்ப நான்தான் ஹார்னா?"

"ரெண்டே நாள். கண்காணிப்பாளர் ஆயிட்டா புதுசே வாங்கலாம்."

"வழி விடுங்க," என்று மனைவி பின்னாலிருந்து கத்தினார். சாலையில் போனவர் பயந்து ஒதுங்கினார். ஹார்னைவிட அது நன்றாகவே வேலை செய்தது என்பதைத் தபால் சார் உள்ளூர ஒப்புக்கொண்டார்.

அன்று மதியம் மேலாளர் ஒரு உறையை அவர் கையில் கொடுத்தார். மேலே 'அந்தரங்கம்' என்று எழுதி, முத்திரை வைக்கப்பட்டிருந்தது.

"இன்னிக்கே போகணும். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"சரி சார்."

"ஹார்ன்?"

"நாளைக்குக் காலையில அடிக்கும் சார்."

தபால் சார் அந்த உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஓரம் சற்றுப் பிரிந்திருந்ததைப் பார்த்து, பசை தடவி, மறுபடி அழுத்தி ஒட்டினார். பிரிந்துபோனால் தன் எதிர்காலமே வழியில் சிந்திவிடும் என்பது போலச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போதே சண்டை. விளக்கக் கடிதம் கேட்ட கதையும் மனைவி காதுக்கு வந்திருந்தது.

"உங்க மேலாளர் 'பதவி உங்களுக்குத்தான்'னு வாய்விட்டுச் சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்வாங்களா? புரிஞ்சுக்கணும்."

"என்ன புரிஞ்சீங்க?"

"தேடிப் பார்த்து என்கிட்டதானே வேலை குடுக்கறார். கொட்டாவிகிட்டயா குடுத்தார்?"

"வேலை செய்யறவன்கிட்டதான் வேலை குடுப்பாங்க. பதவியும் அவனுக்கே குடுப்பாங்கன்னு எந்த ஊர்ல எழுதியிருக்கு?"

"உனக்கு எப்பவும் வாய்தான். கொஞ்சம் பேசாம வர்றியா?"

"பேசலை. இனி ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளுங்க."

மனைவி, சொன்னால் சொன்னபடி செய்கிறவர். நாலாவது திருப்பத்தில் குறுக்கே சைக்கிள் ஒன்று வந்தது. பின்னால் இருந்தவர் அதைப் பார்த்தார். சைக்கிள்காரர் பார்க்கவில்லை. தபால் சார் கடைசியில்தான் பார்த்தார். மூவரும் விழுந்தார்கள். சைக்கிள்காரருக்கு ஒன்றுமில்லை. தபால் சாருக்கு முழங்கை சிராய்ந்தது. மனைவியின் வலது மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கியது.

"பார்த்தும் ஏன் சொல்லல?" என்றார் தபால் சார், சாலை ஓரத்தில் உட்கார்ந்து.

"பேசாம வரச் சொன்னீங்க," என்றார் மனைவி. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அது வலியினால் மட்டும் வந்ததில்லை.

மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் கத்திரிக்கோல் பிடிக்கக்கூடாது என்றார்கள். வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டுத் தபால் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போங்க," என்றார் மனைவி சுவரைப் பார்த்தபடி. "ஹார்ன் காத்துக்கிட்டிருக்கும்."

அவர் போனார். பிறகு எத்தனையோ நாள் அதை நினைத்துப் பார்த்தார், ஆனால் அன்று போனார்.

இந்தத் தடவை கால் சுற்றுக்குமேல் முறுக்கவில்லை. அட்டை வளையத்தைச் சரியாக வைத்து, ஆறு விளிம்புத் திருகுகளையும் எதிரெதிராக ஒவ்வொன்றாக இறுக்கினார். பொத்தானை அழுத்தினார்.

கனமான, வட்டமான, கொஞ்சம் திமிரான ஒரு சத்தம் கொட்டகையை நிறைத்தது. கூரையில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மேலாளர் உள்ளேயிருந்து லுங்கியோடு ஓடி வந்தார். அவரும் அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"இதான் சத்தம். இதான்யா," என்றார். பிறகு தபால் சாரின் தோளில் கைவைத்தார். அதற்குமுன் ஒருபோதும் அவர் கை அங்கே வந்ததில்லை. "உங்களை மாதிரி ஒரு முறையான ஆளு எங்கே கிடைப்பான்? நீங்க இல்லாம அந்த ஆபீஸ் ஒரு நாள் ஓடுமா?"

தபால் சார் கைகூப்பினார். "உங்க மனசு போதும் சார்."

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் மேலாளருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. திங்கட்கிழமை கேடயம் அலுவலக மேசைமேல் உட்கார்ந்தது. தபால் சாரின் கவனம் முழுக்கத் தலைமை அலுவலகப் பைமேல்தான் இருந்தது.

புதன்கிழமை வந்தது. முதல் உறையைப் பிரித்தார். ஆணை ஒரே பத்திதான். அதை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் கொட்டாவியின் பெயரே அதில் இருந்தது. பேனாவை எடுத்து, தேதி போட்டு, வரிசை எண் போட்டு, 'பொருள்: பதவி உயர்வு' என்று பதிவேட்டில் ஏற்றினார். எழுத்து கோணவில்லை.

கொட்டாவி ஆணையை வாங்கிக்கொண்டு, ஒரு கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு, "நன்றி சார்" என்றார். இரண்டடி நடந்து திரும்பினார். "சார், என் ரூம்ல அழைப்பு மணி இல்லை. நீங்க நல்லாப் பண்ணுவீங்களாமே. நேரம் கிடைக்கறப்ப ஒண்ணு மாட்டிக் குடுத்துடுங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து.

மாலையில் எல்லோரும் போனபிறகும் தபால் சார் கழிப்பறைப் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். பியூன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார்.

"கிளம்பலையா சார்? வீட்ல அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?"

"இருக்கு." தபால் சார் பதிவேட்டை மூடினார். "ஏம்ப்பா, நீயே சொல்லு. ஒரு வாரம் நாய் படாத பாடு பட்டேன். பேர் கெட்டுப்போச்சு, வண்டி ஊமையாச்சு, அவ கை போச்சு. எல்லாம் அந்த மோட்டார் சைக்கிளுக்காக. அந்தக் கொட்டாவி ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருப்பானா?"

பியூன் கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டிவிட்டு நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் போலக் கையைத் துண்டில் துடைத்தார்.

"ஹார்னைச் சரி பண்ணிக் குடுத்தது நீங்கதான் சார், இல்லேங்கல. ஆனா போன மாசம் அந்த வண்டியையே மேலாளருக்குக் குடுத்தது அவருதானே."